ஒரு கணினி, ஐந்து பிள்ளைகள், ஐந்து மவுஸ்

அரசுப் பள்ளிக் கணினி அறைகளில் அடிக்கடி பார்க்கிற காட்சி இது. ஒரு கணினி, அதன் முன்னால் ஐந்தாறு பிள்ளைகள். நடுவில் உட்கார்ந்திருப்பவன் கையில் மவுஸ். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் திரையில் விரலை வைத்து "இதை அமுக்குடா, அதை அமுக்குடா" என்கிறார்கள். பின்னால் நிற்பவர்களுக்குத் திரை பாதிதான் தெரிகிறது. கொஞ்ச நேரம் எட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் தங்களுக்குள் வேறு கதை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். வருகைப் பதிவேட்டின்படி ஆறு பேரும் கணினி வகுப்பில் இருந்தார்கள். கணினியைத் தொட்டது ஒருவன். பெரும்பாலும் அவன்தான் வகுப்பிலேயே பேசத் தெரிந்தவன், முந்திக்கொள்ளத் தெரிந்தவன்.

2000-களின் நடுவில், ஜோயோஜீத் பால் என்ற ஆய்வாளர் இந்தியக் கிராமப்புறப் பள்ளிகளுக்குப் போய் இதையே கவனித்துக்கொண்டிருந்தார். அப்போது உலகம் முழுக்கப் பேசப்பட்ட தீர்வு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்பது. அமெரிக்கக் கணினி அறிஞர் நிக்கோலஸ் நெக்ரோபோன்டே 2005-இல் அறிவித்த நூறு டாலர் மடிக்கணினித் திட்டத்தைப் பல நாடுகள் ஆவலோடு பார்த்தன. விலை கடைசிவரை நூறு டாலருக்கு இறங்கவே இல்லை. அந்த மடிக்கணினிகளை மிக அதிகமாக வாங்கிய நாடுகளில் ஒன்று பெரு. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012-இல் வந்தது. பிள்ளைகளின் கணக்கிலோ மொழிப்பாடத்திலோ மடிக்கணினியால் முன்னேற்றம் வந்ததாகத் தெரியவில்லை என்றது அந்த ஆய்வு.

பெங்களூரில் 2005-இல் தொடங்கிய மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் உதய் சிங் பவார், ஜோயோஜீத் பால், கென்டாரோ டோயாமா ஆகிய மூவரும் வேறு பக்கமாக யோசித்தார்கள். கணினியில் விலை கூடியவை திரையும் உள்ளே இருக்கிற சில்லுகளும். விலை குறைந்தது மவுஸ். பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்வதோ அந்த மவுஸுக்காகத்தான். அப்படியானால் ஒரு கணினியில் ஐந்து மவுஸ் ஏன் மாட்டக் கூடாது?

சாதாரணக் கணினியில் இரண்டு மவுஸ் மாட்டினால் என்ன நடக்கும் என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். திரையில் அம்புக்குறி ஒன்றுதான் இருக்கும். இரண்டு கைகளும் அதை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். அவர்கள் எழுதிய மென்பொருள் ஒவ்வொரு மவுஸையும் தனியாக அடையாளம் கண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் தனி அம்புக்குறி கொடுத்தது. சிவப்பு என்னுடையது, பச்சை உன்னுடையது. இதைப் பற்றிய அவர்களின் முதல் ஆய்வுக்கட்டுரை 2006-இல் வெளிவந்தது. கண்டுபிடிப்பு என்று பார்த்தால் அவ்வளவுதான். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, அடுத்த ஆண்டு வெளியான சோதனை.

கிராமப்புற ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 238 பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலச் சொற்களைக் கற்றுத்தரும் ஒரு சின்ன விளையாட்டைக் கொடுத்தார்கள். சிலருக்கு ஆளுக்கொரு கணினி. சிலருக்கு நாம் வழக்கமாகப் பார்க்கிறபடி, பல பேருக்கு ஒரு கணினி, ஒரே மவுஸ். மற்றவர்களுக்கு ஐந்து பேருக்கு ஒரு கணினி, ஐந்து மவுஸ். இந்த ஐந்து மவுஸ் முறையையும் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று பந்தயம்: யார் முதலில் சரியான விடையைச் சொடுக்கினாலும் அடுத்த கேள்வி வந்துவிடும். இன்னொன்று வாக்கெடுப்பு: ஐந்து பேரும் விடைக்கு வந்து சேர்ந்தால்தான் திரை நகரும்.

மொத்தமாகப் பார்த்தபோது, ஐந்து பேர் சேர்ந்து கற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு கணினி வைத்திருந்த பிள்ளைகளுக்கு இணையாகச் சொற்களைக் கற்றிருந்தார்கள். கூடுதல் செலவு நான்கு மவுஸ். இது ஒரு பக்கம். மறுபக்கம், பந்தய முறைக்கும் வாக்கெடுப்பு முறைக்கும் இடையே பிள்ளைகள் நடந்துகொண்ட விதத்திலும் கற்ற அளவிலும் பெரிய வித்தியாசம் தெரிந்தது. சிறுமிகள் எந்த ஏற்பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கற்றார்கள். சிறுவர்கள் கற்றதோ ஏற்பாட்டைப் பொறுத்து மாறியது.

கருவி அதே கருவி. பிள்ளைகளும் அதே மாதிரியான பிள்ளைகள். திரை எப்போது நகர வேண்டும் என்ற ஒரே ஒரு விதி மாறியிருக்கிறது. பந்தயத்தில் தெரிந்தவன் சொடுக்கிவிட்டுப் போய்விடுகிறான். தெரியாதவளுக்குக் கேள்வியைப் படிக்கவே நேரம் இல்லை. வாக்கெடுப்பில் தெரிந்தவன் காத்திருக்க வேண்டும். காத்திருக்கப் பொறுமை இல்லாததால், பக்கத்தில் இருப்பவளுக்குச் சொல்லிக்கொடுத்தாக வேண்டும். வகுப்பறைத் தொழில்நுட்பம் பற்றி நாம் பேசும்போதெல்லாம் எத்தனை கருவி, என்ன விலை, எவ்வளவு பெரிய திரை என்றே பேசுகிறோம். டெண்டர் ஆவணங்களிலும் அதுதான் இருக்கும். யார் கையில் கட்டுப்பாடு, யார் முடித்தால் அடுத்த கட்டம் என்பதை யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் சேர்ந்து கற்பார்களா மாட்டார்களா என்பதை அந்தக் கேள்விதான் பெரிய அளவில் தீர்மானிக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதே விதியை இன்னும் இறுக்கமாக வைத்துப் பார்த்தவர் சிலி நாட்டுப் பேராசிரியர் மிகுவேல் நுஸ்பாம். சாந்தியாகோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் அவரது குழு 2000-களின் தொடக்கத்திலிருந்தே ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் உள்ளங்கை அளவுக் கணினிகளைக் கொடுத்துப் பரிசோதித்தது. ஆளுக்கு ஒன்று, ஆனால் மூன்று பேர் ஒரு குழு. மூன்று கருவிகளும் கம்பியில்லா இணைப்பில் ஒன்றோடொன்று பேசும். விடையில் மூவரும் ஒத்துப்போகாவிட்டால் கருவி முன்னே போகாது. மறுபடி பேசிவிட்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பும். அதே வேலையைத் தாளில் செய்தபோது என்ன ஆனது என்பதையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். யார் முறை என்பதில் குழப்பம், அட்டைகளைச் சிதறவிடுவது, ஒருவரே எல்லாவற்றையும் எழுதிவிடுவது என்று அதில் பல சிக்கல்கள். கருவி அந்த நிர்வாக வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டதால் பிள்ளைகளுக்குப் பேச நேரம் கிடைத்தது. கருவி கையடக்கமாக இருந்ததும் ஒரு வசதி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார முடிந்தது. வரிசையாகச் சுவரைப் பார்த்து மேசை போட்ட கணினி அறையில் அது நடக்காது.

சரி, விதியை ஒழுங்காக வைத்துவிட்டால் போதுமா? போதாது. எல்லோரும் ஒரே விடைக்கு வந்தால்தான் திரை நகரும் என்று வைத்தால், பிள்ளைகள் சீக்கிரமே ஒரு குறுக்குவழி கண்டுபிடிப்பார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவள் எதைச் சொல்கிறாளோ அதையே எல்லோரும் அமுக்கிவிடுவது. திரை நகர்ந்துவிடும், யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இந்த இடத்தில் இங்கிலாந்தில் நடந்த வேலையைப் பார்க்க வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் கல்வி ஆய்வாளர் நீல் மெர்சரும் அவருடைய சகாக்களும் அங்குள்ள தொடக்கப் பள்ளிகளில், கணினி முன்னால் குழுவாக உட்கார்ந்த பிள்ளைகள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதைப் பதிவு செய்து கேட்டார்கள். பெரும்பாலான பேச்சு இரண்டு வகைக்குள் அடங்கிவிட்டது. ஒன்று வெறும் சச்சரவு. நம் ஊர்ப் பிள்ளைகள் வாயில் அது இப்படி இருக்கும்:

"இதுதான்."

"இல்ல, அதுதான்."

"நான் சொல்றேன்ல?"

"நீ சொன்னா ஆச்சா?"

இன்னொன்று வெறும் ஆமாம்சாமி. ஒருவர் சொல்வதை மற்றவர் தலையாட்டி ஏற்றுக்கொண்டே போவது. சண்டை இல்லை, ஆனால் சோதித்துப் பார்ப்பதும் இல்லை. மூன்றாவது வகை அபூர்வமாகத்தான் கிடைத்தது. ஒருவர் ஒரு கருத்தைக் காரணத்தோடு சொல்வார், மற்றவர் "ஏன் அப்படி நினைக்கிற?" என்று கேட்பார், இருவரும் சேர்ந்து எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவார்கள். பிள்ளைகளுக்கு இப்படிப் பேசத் திறமை இல்லாமல் இல்லை. குழுவாகப் பேசுங்கள் என்று ஆசிரியர் சொல்கிறார். எப்படிப் பேசுவது என்று யாரும் அவர்களுக்குக் கற்றுத்தரவில்லை. வகுப்பில் அவர்கள் பார்த்த பேச்சு எல்லாம், ஆசிரியர் கேள்வி கேட்பார், தெரிந்தவர் கையைத் தூக்குவார், ஆசிரியர் சரி தப்பு சொல்வார் என்பதுதான்.

அதனால் மெர்சர், லின் டாவ்ஸ், ரூப்பர்ட் வெகெரிஃப் ஆகியோர் வரிசையை மாற்றினார்கள். முதலில் கணினி இல்லாத சில பாடங்கள். அவற்றில் வகுப்பே கூடிப் பேச்சுக்கான விதிகளை வகுத்துக்கொள்ளும். எல்லோரிடமும் கருத்துக் கேட்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், மறுத்துப் பேசுவதைக் கோபமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, முடிவெடுக்கும் முன் உடன்பாடு வேண்டும் என்பது போன்றவை. அதற்கு அப்புறம்தான் கணினி. வெகெரிஃப் அதற்கென்றே எழுதிய ஒரு மென்பொருளில் கேட் என்ற சிறுமியின் கதை வரும். அவளுடைய நண்பன் ராபர்ட், உடம்பு சரியில்லாத தன் அம்மாவுக்காகக் கடையில் சாக்லேட் பெட்டியைத் திருடியிருக்கிறான். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கேட்டிடம் வாக்கு வாங்கிக்கொள்கிறான். இப்போது கேட் என்ன செய்ய வேண்டும்? கதை அந்த இடத்தில் நிற்கும். குழுவில் இருக்கும் மூன்று பேரும் பேசி முடிவெடுங்கள் என்று திரை சொல்லும். அவர்கள் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்துக் கதை வேறு பாதையில் போகும்.

இதில் சரியான விடை என்று ஒன்று கிடையாது என்பதைக் கவனியுங்கள். முதல் மதிப்பெண் வாங்குபவளிடம் கேட்டு அமுக்கிவிட முடியாது. வாக்கைக் காப்பாற்றுவதா, திருட்டைச் சொல்வதா என்பதில் கடைசி வரிசைப் பையனுக்கும் ஒரு கருத்து இருக்கும். ஒருவேளை அவன் கருத்துதான் வலுவாகக்கூட இருக்கும். இப்படிப் பேசிப் பழகிய வகுப்புகளின் பிள்ளைகளுக்கு, மொழி சாராத, வடிவங்களை வைத்து யோசிக்கிற ஒரு தேர்வையும் வைத்தார்கள். குழுவாகச் செய்தபோது மட்டும் இல்லை, தனித்தனியாக உட்கார்ந்து எழுதியபோதும் அவர்கள் மற்ற வகுப்புகளைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். கூடிப் பேசிய பேச்சு ஒவ்வொரு பிள்ளையின் தனி யோசனைக்குள்ளும் போய் உட்கார்ந்துவிட்டது என்றுதான் இதைப் படிக்க முடிகிறது. 'குழுவாகப் படித்தால் மந்தமான பிள்ளை கெட்டிக்காரப் பிள்ளையின் மீது சாய்ந்துகொள்ளும்' என்று பயப்படும் பெற்றோருக்கு இதைவிட நல்ல பதிலை நான் பார்த்ததில்லை.

கனடாவின் டொராண்டோவில் நடந்தது இன்னொரு வகை. மார்லீன் ஸ்கார்டமாலியா, கார்ல் பெரைட்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980-களிலேயே, இணையம் பரவலாவதற்கு முன்பே, பள்ளிப் பிள்ளைகள் சேர்ந்து எழுதும் ஒரு பொதுத் தரவுத்தளத்தை வகுப்பறைக்குள் கொண்டுவந்தார்கள். 1990-களின் பிற்பகுதியில் அது 'நாலெட்ஜ் ஃபோரம்' என்ற பெயரில் புது வடிவம் பெற்றது. ஒரு பிள்ளை தன் குறிப்பை எழுதி அதில் சேர்க்கும். மற்ற பிள்ளைகள் அதன்மேல் எழுதுவார்கள். எழுதத் தொடங்கும்போது சில தொடக்கச் சொற்கள் தயாராக இருக்கும். தமிழில் சொன்னால்: என் விளக்கம், எனக்குப் புரிய வேண்டியது, புதிய தகவல், இந்த விளக்கத்தால் சொல்ல முடியாதது, இதைவிட நல்ல விளக்கம், எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்.

கடல் தண்ணீர் ஏன் உப்பாக இருக்கிறது என்று ஐந்தாம் வகுப்பு பேசுவதாக வைத்துக்கொள்வோம். "என் விளக்கம்: கடலுக்கு அடியில் உப்பு மலை இருக்கிறது" என்று ஒரு பிள்ளை எழுதுகிறது. சாதாரண வகுப்பில் அது தப்பு என்று சொல்லி முடிந்துவிடும். இங்கே இன்னொரு பிள்ளை "இந்த விளக்கத்தால் சொல்ல முடியாதது" என்பதைத் தேர்ந்தெடுத்து, "அப்படியானால் ஆற்றுத் தண்ணீரும் அங்கேதானே போய்ச் சேர்கிறது, கடல் ஏன் கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பென்று ஆகவில்லை?" என்று கேட்கலாம். ஆறே உப்பைக் கொண்டுவருகிறதோ என்ற இடத்துக்கு அங்கிருந்து ஒரே எட்டுதான். விமர்சனம் பிள்ளையின் மீது விழாமல் விளக்கத்தின் மீது விழுகிறது. எழுதியவருக்கு வெட்கம் இல்லை, எழுதியதைத் திருத்தவும் வழி இருக்கிறது. பேச்சு காற்றோடு போய்விடும். எழுத்து அடுத்த வாரமும் அங்கேயே இருக்கும் என்பதால், சட்டென்று பேச வராத, மெதுவாக யோசிக்கிற பிள்ளைக்கும் இதில் இடம் கிடைக்கிறது.

ஆனால் இதற்கு ஆசிரியரின் வேலை கூடும், குறையாது. குறிப்புகளைப் படித்து, எந்தக் கேள்வியை வகுப்பின் நடுவுக்குக் கொண்டுவருவது என்று அவர் தினமும் முடிவெடுக்க வேண்டும். நாற்பது பேர் வகுப்பில் ஒரே ஆசிரியர் நான்கு பதிவேடுகளையும் நிரப்பிக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

ஆசிரியரே இல்லாமல் நடக்குமா என்ற கேள்விக்குத் தமிழ்ப் பிள்ளைகளை வைத்தே ஒரு பதில் தேடப்பட்டது. 1999-இல் டெல்லி கால்காஜியில், சேரியை ஒட்டிய அலுவலகச் சுவரில் ஒரு கணினியைப் பதித்துவைத்து, பிள்ளைகள் தாங்களாகவே அதைக் கற்றுக்கொள்கிறார்களா என்று பார்த்தவர் சுகதா மித்ரா. பின்னர் அவரும் ரிது தங்வாலும் காளிக்குப்பம் என்ற கிராமத்தில் அதே போன்ற கணினியை வைத்தார்கள். தமிழ் மட்டும் பேசுகிற பிள்ளைகள் மூலக்கூறு உயிரியலின் அடிப்படைகளைத் தாங்களாகவே கூடிக் கற்க முடியுமா என்பது கேள்வி. 2010-இல் வெளியான அவர்களின் முடிவின்படி, கணினி மட்டுமே துணையாக இருந்த கட்டத்தில் இந்தப் பிள்ளைகள் அருகிலிருந்த அரசுப் பள்ளியில் அந்தப் பாடம் படித்த பிள்ளைகள் அளவுக்கு வந்தார்கள். அதன்பின் ஒரு துணையாள் சேர்ந்தார். அவருக்கு உயிரியல் தெரியாது. பக்கத்தில் இருந்து ஊக்கப்படுத்தியதுதான் அவர் செய்தது. அதற்கப்புறம் டெல்லியின் ஒரு நல்ல தனியார் பள்ளி மாணவர்களுக்குச் சமமாக மதிப்பெண் எடுத்தார்கள்.

இதை 'ஆசிரியர் தேவையில்லை' என்பதற்குச் சான்றாகப் பலர் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு அதற்கு நேர்மாறாகத்தான் தெரிகிறது. பாடமே தெரியாத ஒருவர் அக்கறையோடு பக்கத்தில் இருந்ததற்கே இவ்வளவு பலன் என்றால், பாடமும் தெரிந்து அக்கறையும் உள்ளவர் இருந்தால் எவ்வளவு தூரம் போகும்? டெல்லியின் சுவர்க் கணினிகளை நேரில் போய்ப் பார்த்த மார்க் வார்ஷாவர் என்ற ஆய்வாளர், அங்கே பிள்ளைகள் பெரும்பாலும் படம் வரைவதிலும் விளையாட்டிலும்தான் நேரம் கழித்தார்கள் என்று எழுதியிருக்கிறார். பெங்களூர் ஆய்வகத்தில் இருந்த டோயாமாவும் பின்னாளில் இதே இடத்துக்குத்தான் வந்தார். மனிதர்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணத்தையும் திறனையும் தொழில்நுட்பம் பெரிதாக்கும், இல்லாததை உண்டாக்காது என்பது அவரது கருத்து.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கேள்விகள் புதிதில்லை. ஆந்திராவின் ரிஷிவேலியில் உருவான அட்டைவழிக் கல்வியிலிருந்து வளர்ந்த செயல்வழிக் கற்றல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் போனது. அட்டை, பாடங்களின் வரிசையைப் படிப்படியாகக் காட்டும் ஏணிப்படி, பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை, பாயில் வட்டமாக உட்காருவது. ஆசிரியர் துணையோடு படிக்கும் குழு, சக மாணவர் துணையோடு படிக்கும் குழு, தானே படிக்கும் குழு என்று தனித்தனி வட்டங்கள். மின்சாரம் தேவைப்படாத அருமையான வகுப்பறைத் தொழில்நுட்பம் என்றே அதை நான் சொல்வேன். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் ஏணியில் வேறு வேறு படியில் இருந்ததால், ஒரே வட்டத்தில் உட்கார்ந்தாலும் ஆளுக்கொரு அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உட்கார்ந்த விதம் குழுவாக இருந்தது, வேலை தனித்தனியாக இருந்தது.

இப்போது வந்திருக்கிற டேப்லெட் செயலிகள் பலவற்றிலும் அதே சிக்கலை இன்னும் தீவிரமாகப் பார்க்கிறேன். பிள்ளையின் நிலையை அறிந்து அதற்கேற்ற கேள்வியைக் கொடுக்கிறது, நல்லதுதான். காதில் ஹெட்போன், கண் திரையில். பக்கத்தில் இருப்பவள் எந்தக் கணக்கில் திணறுகிறாள் என்று இவனுக்குத் தெரிய வழியே இல்லை. ஸ்மார்ட் கிளாஸ் திரையோ மறுகோடி: ஒரு பெரிய திரை, எல்லோரும் பார்வையாளர்கள். இரண்டுக்கும் நடுவில், நான்கு பேர் தலையைச் சேர்த்துக்கொண்டு வாதாடுகிற இடத்துக்கு நாம் மிகக் குறைவாகவே செலவழிக்கிறோம்.

அந்த நடுவிடத்துக்குப் பெரிய செலவும் இல்லை. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களில் பிரபலமாக்கிய முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கேள்வி ஒன்று, முதலில் தனியாக யோசித்து விடையைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதாட வேண்டும், மறுபடி விடை சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மரபணுவியல் மாணவர்களிடம் செய்து 2009-இல் வெளியான ஆய்வு, தொடக்கத்தில் குழுவில் ஒருவருக்கும் சரியான விடை தெரியாதபோதுகூடப் பேச்சுக்குப் பின் புரிதல் கூடுவதைக் காட்டியது. கல்லூரியில் இதற்கு ஆளுக்கொரு ரிமோட் போன்ற கருவி தேவைப்பட்டது. இப்போது ப்ளிக்கர்ஸ் என்ற செயலியில் பிள்ளைகளுக்கு வெறும் காகித அட்டை போதும். அட்டையில் சதுரப் புள்ளிக்கோலம் ஒன்று அச்சிட்டிருக்கும். எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்களோ அதுதான் விடை. ஆசிரியர் தன் போனின் கேமராவை வகுப்பின் மேல் ஒருமுறை ஓட்டினால், யார் என்ன சொன்னார்கள் என்று வந்துவிடும். ஒருவர் அட்டையைப் பார்த்து இன்னொருவர் காப்பியடிக்க முடியாது, ஒவ்வொரு கோலமும் வேறு. முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் நடுவில் இரண்டு நிமிடம் பிள்ளைகளைப் பேசவிட வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிட்டால் அது வெறும் தேர்வு.

பல மவுஸ் யோசனைக்கு என்ன ஆனது? மைக்ரோசாஃப்ட் அதை வைத்து 2010-இல் 'மவுஸ் மிஸ்சீஃப்' என்று பவர்பாயின்டுக்கு ஓர் இலவச இணைப்பை வெளியிட்டது. பின்னர் அதை மேற்கொண்டு வளர்க்காமல் விட்டுவிட்டது. ஆனால் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடும் கணினிகளில், திரையையும் அம்புக்குறியையும் கவனித்துக்கொள்கிற எக்ஸ் சாளர அமைப்பில் 2009-லிருந்தே ஒன்றுக்கு மேற்பட்ட அம்புக்குறிகளுக்கு வசதி இருக்கிறது. கேரள அரசுப் பள்ளிகள் லினக்ஸில்தான் ஓடுகின்றன. நம் மாநிலம் முன்பு மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளிலும் பாஸ் (BOSS) என்ற இந்திய லினக்ஸ் இருந்தது. ஐந்து பிள்ளைகள் ஐந்து அம்புக்குறிகளோடு ஆடுகிற ஒரு தமிழ்ச் சொல் விளையாட்டை எழுதுவது, பொறியியல் கல்லூரியின் கடைசி ஆண்டு ப்ராஜெக்டுக்குச் சரியான அளவு வேலை. எழுதுகிறவர்கள் அதில் பந்தய முறையை வைக்க வேண்டாம். ஐந்து பேரும் வந்து சேரும்வரை திரை காத்திருக்கட்டும்.